வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கோல்

கால்பந்து ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்த இரண்டு கோல்களில் ஒன்றுக்கு என் மகள் தொண்டை கட்டும்வரை கத்தினாள். அது எங்கள் அணி அடித்த கோல் அல்ல.

மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. வீட்டில் இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. “எட்டு வயதுப் பிள்ளை. சுற்றி இருந்தவர்கள் கத்தினார்கள், இவளும் கத்தினாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?” என்று என் கணவர் அன்றிரவே பேச்சை முடித்துவிட்டார். பதின்மூன்று வயது மகன் இரண்டு நாள் தங்கையோடு பேசாமல் இருந்துவிட்டு, பிறகு வழக்கமான சண்டைகளுக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் ஆறவில்லை. அவள் கத்தியதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பு அவள் கத்தாமல் இருந்தாளே, அதுவும், அப்போது நான் செய்த ஒரு காரியமும்தான் இன்னும் உறுத்துகின்றன.

ஐந்து இருக்கைகள்

என் அப்பாவுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளைச் சொந்த மைதானத்துக்கு மட்டும்தான் அழைத்துப் போக வேண்டும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தோளில் தூக்கிவைத்து முதல் ஆட்டத்தைக் காட்டியவர் அவர். அதன்பின் எத்தனையோ வருடங்கள் விடாமல் அழைத்துப் போனார். ஆனால் வெளியூர் ஆட்டம் என்றால் விடியற்காலையில் தனியாகக் கிளம்பிவிடுவார்; நான் தூங்கிய பிறகுதான் திரும்புவார். மறுநாள் காலையில் அவர் குரல் கம்மியிருக்கும். அந்தக் கம்மிய குரலை வைத்துத்தான் வெளியூர் ஆட்டம் எப்படி இருக்கும் என்று நான் கற்பனை செய்துகொண்டேன். பல்லாயிரம் பேருக்கு நடுவே எங்கள் ஆட்கள் சில நூறு பேர் நின்றிருப்பார்கள், அத்தனை பேரின் சத்தத்துக்கும் மேலே கத்தியிருப்பார்கள், அப்பாவின் குரல் அங்கேதான் போயிருக்கும் என்று. சொந்த மைதானத்தில் கத்திவிட்டு வந்த மறுநாள் அவர் குரல் ஒருபோதும் அப்படி இருந்ததில்லை.

இந்த முறை விதியை உடைத்தவரும் அவரே. முழங்கால் வலி கூடிக்கொண்டே வருகிறது. “இன்னும் எத்தனை ஆட்டத்துக்குப் படியேறுவேன் என்று தெரியவில்லை. ஒரே ஒரு வெளியூர் ஆட்டம், எல்லோரும் சேர்ந்து போய்வருவோம்” என்றார். அவர் அப்படி எதையும் கேட்கிறவர் அல்லர். கேட்ட பிறகு முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் டிக்கெட் கிடைக்கவில்லை. வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கும் மூலை எந்த அரங்கிலும் சிறியதுதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில்கூட 3,000 இருக்கைகள், அரங்கு சிறியதாக இருந்தால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். எங்கள் பகுதிக்கான டிக்கெட்டுகள், பருவம் முழுவதும் அணியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு முதலில் போய்விட்டன. அது நியாயமான வரிசை, அதில் எனக்குக் குறையில்லை. அந்த ஊரில் வேலை செய்யும் என் கணவரின் நண்பர் ஒருவர், உள்ளூர் ரசிகர்கள் உட்காரும் பகுதியில் அடுத்தடுத்து ஐந்து இருக்கைகள் வாங்கித் தந்தார். டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்தது: எதிரணியின் நிறங்களை அணிந்தவர்களுக்கு இந்தப் பகுதியில் அனுமதி இல்லை.

காரை நிறுத்திய இடத்திலேயே பிள்ளைகளை நிற்கவைத்து மூன்று கட்டளைகள் இட்டேன். நம் அணியின் பெயரைச் சொல்லக் கூடாது. நம் பாட்டைப் பாடக் கூடாது. நாம் கோல் அடித்தால் எழுந்திருக்கவோ கத்தவோ கூடாது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் மூன்றையும் ஒரு பாடம்போலத் திருப்பிச் சொன்னாள். ஜெர்ஸி இல்லாமல் வரமாட்டேன் என்று வீட்டில் அழுது, ஸ்வெட்டருக்குள் அதைப் போட்டுக்கொள்ள என்னிடம் அனுமதி வாங்கியிருந்தாள். கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டது நான்தான்.

இந்த இடத்தில் என் தவறை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களைத் தனித்தனியாக உட்காரவைப்பதைப் பல வருடங்களாக நான் ஓர் அவமதிப்பாகவே நினைத்துவந்தேன். ரக்பியில் இரண்டு பக்கத்து ரசிகர்களும் கலந்து உட்கார்ந்து பார்க்கிறார்களே, கால்பந்துக்கு மட்டும் ஏன் வேலியும் காவலும் என்று வாதாடியிருக்கிறேன். அப்பா அப்போதெல்லாம் ஒரு பெயரை மட்டும் சொல்லுவார்: ஹெய்சல். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் ஹெய்சல் அரங்கு, இங்கிலாந்தின் லிவர்பூலும் இத்தாலியின் யுவெண்டஸும் மோதிய ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்களுக்கு அடுத்து இசட் என்று ஒரு பகுதி இருந்தது. யார் பக்கமும் சாராத உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. டிக்கெட்டுகள் கைமாறி, யுவெண்டஸ் ரசிகர்கள் பலர் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்தார்கள். நடுவில் இருந்தது மெல்லிய கம்பிவேலி. ஆட்டம் தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்களில் ஒரு கூட்டம் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. தப்பி ஓடியவர்கள் சுவரோரம் நசுங்கினார்கள், சுவரும் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒரு தந்தையும் பள்ளிக்கூடச் சிறுவனான அவருடைய மகனும் உண்டு. வேலி அவமதிப்பா பாதுகாப்பா என்று வாதாடும் உரிமை எனக்கு இருக்கலாம். ஆனால் இதெல்லாம் தெரிந்திருந்தும், கைமாறிய டிக்கெட்டில், எட்டு வயதுப் பிள்ளையைத் தவறான பகுதியில் நான் உட்காரவைத்தேன். அன்று எங்களுக்கு எந்த ஆபத்தும் நேரவில்லை என்பதால் அது சரியாகிவிடாது.

63ஆவது நிமிடம்

எங்களுக்குக் கிடைத்தது கோல் கம்பத்துக்குப் பின்புறம் இருந்த கேலரி. எங்கள் ஆட்கள் மைதானத்தின் மறுகோடியில், மூலையில் ஒரு சிறு திட்டாகத் தெரிந்தார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஏக்கமாக இருந்தது. ஒவ்வோர் இருக்கையிலும் உள்ளூர் அணியின் காகிதக் கொடி ஒன்று வைத்திருந்தார்கள். “இதை என்ன செய்வது?” என்று மகள் காதோரம் கேட்டாள். “மடியில் வைத்துக்கொள்” என்றேன். அவளுக்கு அடுத்த இருக்கையில் வயதான பெண்மணி ஒருவர், கழுத்தில் நூல் பிரிந்த பழைய ஸ்கார்ஃபுடன் உட்கார்ந்திருந்தார். பல வருடங்களாக அதே இருக்கையில் உட்காருகிறவர் என்பது முன்வரிசையும் பின்வரிசையும் அவரை நலம் விசாரித்த விதத்திலேயே தெரிந்தது. மகளைப் பார்த்துச் சிரித்தார். கொடியைப் பிடிக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொடியைப் பிடித்தாள்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு அணிகளும் பயந்து ஆடின. அப்பா மட்டும் முழு நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளூர் அணியின் கோல்கீப்பர் ஒரு நல்ல பந்தைத் தட்டிவிட்டபோது அவர் இயல்பாகக் கைதட்டினார். அது வேஷம் அல்ல. எங்கள் மைதானத்திலும் அவர் அப்படித்தான்.

63ஆவது நிமிடத்தில் எங்களுக்கு ஒரு கார்னர். மறுகோடியில், எங்கள் ஆட்கள் நின்ற மூலையிலிருந்து. பந்து வளைந்து வந்தது, யாரோ எழும்பித் தலையால் முட்டினார், வலை அசைந்தது. எங்களைச் சுற்றி இருந்த கேலரி முழுவதும் சத்தம் அறுந்து நின்றது. தொலைவில் அந்தச் சிறு திட்டு துள்ளுவது தெரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தானே ஓடும்? மைதானத்தின் நீளத்தைக் கடந்துவர அதற்கு அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். முதலில் கைகள் உயர்வதைப் பார்த்தேன், பிறகுதான் கூச்சல் வந்து சேர்ந்தது, மெலிந்து, யார் வீட்டு விசேஷத்தின் சத்தமோ தெருக்கோடியிலிருந்து கேட்பதுபோல. அந்த அரை நொடிக்குள் நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயை அழுத்திப் பொத்தியிருந்தாள். கொடி விரல்களுக்கு நடுவே கசங்கியிருந்தது. தோள்கள் நடுங்கின. கண்கள் மைதானத்தில் இல்லை, என்மேல் இருந்தன. சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற கண்கள்.

நான் தலையசைத்தேன். சரி என்று தலையசைத்தேன். நல்ல பிள்ளை என்பதுபோல, பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் அசைப்பதுபோல அசைத்தேன்.

அந்தத் தலையசைப்பைத்தான் மூன்று வாரங்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயம் காரணமாகக் கட்டளை இட்டது ஒன்று. அதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் பயம் இல்லை. பக்கத்துப் பெண்மணி தன் ஸ்கார்ஃபின் நுனியை முறுக்கிக்கொண்டு வருத்தமாக உட்கார்ந்திருந்தார், எங்களை அவர் கவனிக்கவே இல்லை. யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இருந்தது பெருமை. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை இவ்வளவு சின்னப் பிள்ளை விழுங்கிவிட்டாளே என்ற பெருமை. சந்தோஷத்தை விழுங்குவதை ஒரு திறமையாக அவளுக்குக் கற்றுக்கொடுத்து, அதற்குப் பாராட்டும் கொடுத்தேன். பெண்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க உலகத்தில் ஆட்களுக்குக் குறைவே இல்லை. அந்த வரிசையில் நானும் போய் நிற்கிறேனா என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

84ஆவது நிமிடத்தில் உள்ளூர் அணி சமன் செய்தது. எங்கள் பக்கத்துக் கோலில், எங்கள் கண்ணெதிரே. பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து கம்பத்தின் உள்விளிம்பில் பட்டு உள்ளே போனது. கேலரி ஒரே உடம்பாக எழுந்தது. அப்போதுதான் என் மகள் இருக்கைமேல் ஏறி நின்று கத்தினாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் குரல். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் கத்தினாள். கையில் அவர்கள் கொடி, ஸ்வெட்டருக்குள் எங்கள் ஜெர்ஸி. பக்கத்துப் பெண்மணி அவளை அப்படியே கட்டிக்கொண்டார். அவளும் கட்டிக்கொண்டாள். மகன் நிலத்தைப் பார்த்தான். என் கணவர் சிரித்தார். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காருக்குள்

திரும்பும் வழியில் முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகன், சன்னல் பக்கம் திரும்பியபடியே, ஒரே ஒரு சொல் சொன்னான்: “துரோகி.”

அவனுக்குக் கால்பந்து என்பது எண்கள். கோபம் வந்தாலும் எண்களாகத்தான் வரும். அன்றும் வந்தது. சத்தம் சும்மா இல்லை என்றான். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி எங்கேயோ படித்திருந்தான்: தகுதிபெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களை ஒளிப்பதிவில் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்த 2020-21 பருவத்தில், பிரீமியர் லீக்கில் உள்ளூர் அணிகள் 144 ஆட்டங்களை வென்றன, வெளியூர் அணிகள் 153. 1888இல் தொடங்கிய இங்கிலாந்து லீக்கின் முதல் பிரிவில் வெளியூர் வெற்றிகள் அதிகமானது அதுவே முதல்முறை. “ஒவ்வொரு குரலுக்கும் கணக்கு இருக்கிறது. இவள் தன் குரலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்” என்றான்.

“நம்முடைய கோலுக்குத்தான் மதிப்பு அதிகம்” என்றாள் மகள், இருட்டில் மெதுவாக. “வெளியூரில் அடித்தால் இரண்டு என்று நீதானே சொன்னாய்?”

“அந்த விதியை எடுத்துவிட்டார்கள். லீக் ஆட்டத்துக்கு அது எப்போதும் கிடையாது” என்று அவன் எரிந்து விழுந்தான். அவன் சொன்னது சரிதான். ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் 1965இல் வந்த விதி அது. இரண்டு ஆட்டங்களின் கூட்டல் சமமாக இருந்தால், எதிரியின் மைதானத்தில் அதிக கோல் அடித்த அணி வெல்லும். 2021இல் அதை நீக்கினார்கள். எழுபதுகளின் நடுவில் உள்ளூர் அணிகள் 61 சதவீதமும் வெளியூர் அணிகள் 19 சதவீதமும் வென்றுகொண்டிருந்தன. 2021க்குள் அது 47க்கு 30 என்று நெருங்கிவிட்டது, வெளியூரில் கோல் அடிப்பது முன்புபோல் அவ்வளவு கடினமில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். விதியை எடுத்தவர்களின் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்நிய ஊரில் அடித்த கோலுக்குக் கூடுதல் எடை உண்டு என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு விதி சொல்லிக்கொண்டிருந்ததே, அதில் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. அப்பாவின் கம்மிய குரலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

வழியில் ஓரிடத்தில் காரை நிறுத்தினோம். காலை நீட்டிக்கொள்ள இறங்கிய அப்பா, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அவள் அவர்கள் கோலுக்குக் கத்தினாள் என்று உனக்கு யார் சொன்னது? நம் கோலுக்குத்தான் கத்தினாள். சத்தம் வந்துசேர இருபது நிமிடம் ஆயிற்று.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்துடன் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். மகன்கூடக் கொஞ்சம் இளகினான். ஆனால் மகள் இதை ஏற்கவில்லை. “இல்லை தாத்தா” என்றாள். “கத்த வேண்டும்போல இருந்தது, அது உண்மை. ஆனால் அவர்கள் கோலும் அழகாக இருந்தது. அந்தப் பாட்டியும் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்!” அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, “கம்பத்தில் பட்டுப் போனது இல்லையா? ஆமாம், அழகுதான்” என்றார்.

இதற்குப் பிறகுதான் என் மனம் இன்னும் குழம்பியது. அவளுடைய சத்தம் முழுவதும் நான் அடைத்துவைத்த சத்தம் என்றால், குற்றத்தை ஒப்புக்கொண்டு நான் நிம்மதியாகிவிடலாம். ஆனால் அதில் ஒரு பங்கு, எதிரியின் நல்ல கோலுக்கும், முன்பின் தெரியாத ஒரு பாட்டியின் மகிழ்ச்சிக்கும் போயிருக்கிறது. அது என்னிடம் இல்லாத குணம். எங்கள் ஆட்களின் மூலையில் நின்றிருந்தால் அவள் 63ஆவது நிமிடத்தில் வேண்டிய மட்டும் கத்தியிருப்பாள், 84ஆவது நிமிடத்தில் எங்களோடு சேர்ந்து தலையில் கைவைத்திருப்பாள். அந்தப் பாட்டி அவளுக்கு மறுகோடியில் தெரிகிற ஒரு நிறப்புள்ளியாக மட்டுமே இருந்திருப்பார்.

அர்ஜென்டினாவில் 2013இல் ஒரு ரசிகரின் மரணத்துக்குப் பிறகு, முதல் பிரிவு ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் வருவதையே தடை செய்தார்கள். 2018இல் அந்நாட்டின் இரண்டு பெரிய அணிகளான போகா ஜூனியர்ஸும் ரிவர் பிளேட்டும் மோதிய, தென்னமெரிக்கக் கோப்பையான லிபர்டடோரஸின் இறுதிச் சுற்றையும் அந்தந்த அணியின் மைதானத்தில் அந்தந்த ரசிகர்களுக்கு மட்டும் என்றுதான் திட்டமிட்டார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு வந்த போகா அணியின் பஸ் தாக்கப்பட்ட பிறகு, அந்த ஆட்டம் கடல் கடந்து மாட்ரிட் நகரத்துக்குப் போனது. இரண்டு பக்கத்து ரசிகர்களும் ஒரே அரங்கில் உட்கார அங்கேதான் முடிந்தது. உயிர்களைக் காக்கச் செய்த முடிவுகளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வெளியூர் அணி கோல் அடிக்கும்போது அரங்கம் முழுவதும் ஒரு குரலும் எழாமல் இருக்கும் அந்த அமைதியை நினைத்துப் பார்க்கிறேன். அதற்குள் எங்கேயோ, நிறத்தை உள்ளே மறைத்துக்கொண்டு ஒருவராவது உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஆட்டம்

போன வாரம் எங்கள் மைதானத்தில் ஆட்டம். மகளும் நானும் அப்பாவும் போனோம். ஜெர்ஸி இந்த முறை ஸ்வெட்டருக்கு மேலே. எதிரணியின் ரசிகர்கள் இருநூறு பேர் வந்திருப்பார்கள். மூலையில், காவலர்களுக்கு நடுவே நின்றார்கள். மகள் ஆட்டத்தைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் அவர்கள் கோல் அடித்தார்கள். எங்கள் கேலரி ஓய்ந்தது. அந்த மூலை மட்டும் குதித்தது. சத்தம் வந்து சேர்ந்தபோது மகள் என் கையை விட்டுவிட்டு இருக்கைமேல் ஏறி நின்றாள். கத்தப்போகிறாளோ என்று அவளைப் பிடிக்க எழுந்தேன். அவள் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்த வரிசைகளை, ஒவ்வொன்றாக, முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தேடுகிறாய்?” என்றேன்.

“யாராவது வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்களா என்று பார்க்கிறேன் அம்மா” என்றாள்.